இரண்டு கேமரா வைத்தும் தூரம் தப்பாக வருகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கலாம்

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி ஆண்டுத் திட்டப்பணி செய்யும் பிள்ளைகள் சிலர், இரண்டு கேமராவை அருகருகே பொருத்தித் தூரம் அளக்கும் ரோபோவைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். வரும்போதே சலித்துப்போய் வருவார்கள், ஏனென்றால் அதற்கு முன் இரண்டு வாரமாக, இரண்டு படத்திலும் ஒரே புள்ளியைத் தேடி ஜோடி சேர்க்கும் மேட்சிங் நிரலில் உள்ள பத்துப் பன்னிரண்டு எண்களை மாற்றி மாற்றிப் பார்த்திருப்பார்கள். கோளாறு அங்கே இருப்பது அபூர்வம். கேமராவைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தாங்கியில் இருக்கும், கேலிபரேஷனுக்காக, அதாவது கேமராக்களின் குவியத் தூரத்தையும் நிலையையும் கணக்கிட்டுக்கொள்வதற்காக, கேமராவுக்குக் காட்டும் சதுரங்கப் பலகையை அச்சடித்த தாளில் இருக்கும், இரண்டு படமும் எடுக்கப்பட்ட நேரத்தில் இருக்கும். மொத்தத்தில் வடிவியலில் இருக்கும். வடிவியல் பிழைக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அது தாறுமாறாக வராது. ஒவ்வொரு பிழையும் தனக்கென்று ஒரு வடிவத்தோடுதான் வரும், அதைப் படிக்கத் தெரிந்தால் எந்தத் திருகில் கை வைப்பது என்று தெரிந்துவிடும்.

முதலில் கணக்கு. கட்டைவிரலை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடுங்கள், பிறகு மற்றக் கண்ணை மூடுங்கள். விரல் பின்னாலுள்ள சுவரின் மீது இடம் மாறித் தாவும், விரலை முகத்துக்கு அருகே கொண்டுவந்தால் தாவல் கூடும். அந்தத் தாவலைப் பிக்சலில் அளந்தால் அதுதான் டிஸ்பேரிட்டி.

தூரம் = குவியத் தூரம் × பேஸ்லைன் ÷ டிஸ்பேரிட்டி

குவியத் தூரம் பிக்சலில். பேஸ்லைன் என்பது இரண்டு லென்சின் மையத்துக்கும் இடையே உள்ள இடைவெளி. உதாரணங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பை வைத்துக்கொள்கிறேன்: 700 பிக்சல், 6 செ.மீ., பெருக்கினால் மீட்டர் கணக்கில் 42. ஆக 1 மீட்டரில் டிஸ்பேரிட்டி 42 பிக்சல், 2 மீட்டரில் 21, 4 மீட்டரில் 10.5.

தூரப்படம் முழுக்க ஒரே புள்ளிமயம், எதுவும் அடையாளம் தெரியவில்லை

இடமும் வலமும் மாறிப்போயிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு யூஎஸ்பி கேமரா செருகினால் எது 0, எது 1 என்பது கணினியை மறுபடி போடும்போது மாறிவிடலாம். கேமராக்களுக்குப் பின்னால் நின்று, இடப்பக்க லென்சைக் கையால் மூடுங்கள், இடப்படம்தான் கறுக்க வேண்டும். ஒரே பொருள் வலப்படத்தில் இருப்பதைவிட இடப்படத்தில் சற்று வலப்புறமாகத் தெரிய வேண்டும். மாறித் தெரிந்தால் டிஸ்பேரிட்டி எதிர்ம எண்ணாகிவிடும், தேடல் 0இலிருந்து மேலே போவதால் சரியான ஜோடி அதன் கண்ணிலேயே படாது.

உருவம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் 1 மீட்டரில் உள்ள பெட்டி 6 செ.மீ.யில் இருக்கிறது என்று வந்தால், அது ஓப்பன்சிவி என்கிற கணினிப் பார்வை மென்பொருள் தொகுப்பின் வழக்கம். அதன் மேட்சர்கள் டிஸ்பேரிட்டியை 16 மடங்காக்கி முழு எண்ணாகத் தருகின்றன. 16ஆல் வகுக்க மறந்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

இடப்படத்தில் உள்ள புள்ளி வலப்படத்தில் அதே வரிசையில் இல்லை

இரண்டு லென்சின் மையங்கள், பார்க்கும் புள்ளி, இந்த மூன்றையும் சேர்த்தால் ஒரு தளம் கிடைக்கும். அந்தத் தளம் வலப்படத்தை ஒரு கோட்டில் வெட்டுகிறது, இடப்படத்துப் புள்ளியின் ஜோடி அந்தக் கோட்டைத் தாண்டி வேறெங்கும் இருக்க முடியாது. எபிபோலார் கோடு என்பது இதுதான். ரெக்டிஃபை செய்வது என்றால், இந்தக் கோடுகள் எல்லாம் இரண்டு படத்திலும் ஒரே வரிசையில் கிடையாக விழும்படி படங்களைக் கணக்கில் திருப்பிவிடுவது. அதற்குப் பிறகு மேட்சர் தன் வரிசையை விட்டு ஒரு பிக்சல்கூட மேலே கீழே எட்டிப் பார்ப்பதில்லை. அதனால்தான் வரிசைப் பிழை இவ்வளவு கெடுதல் செய்கிறது.

இரண்டு படத்திலும் சில நூறு அடையாளப் புள்ளிகளை ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடிக்கும் வரிசை வித்தியாசத்தை மட்டும் எடுத்து, அது படத்தின் எந்த இடத்தில் எவ்வளவு என்று வரைந்து பாருங்கள். அரை பிக்சலுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் வடிவத்தைக் கவனியுங்கள். படம் முழுக்க ஒரே அளவு வித்தியாசமா, ஒரு கேமரா மேலேயோ கீழேயோ தலை சாய்ந்துவிட்டது. நடுவில் சுழியாகி, இடப்பக்கம் ஒரு குறியும் வலப்பக்கம் எதிர்க்குறியுமாகக் கூடிக்கொண்டே போகிறதா, ஒரு கேமரா லென்ஸ் அச்சில் உருண்டிருக்கிறது. அதே மாதிரி நடு வரிசையில் சுழி, மேலே ஒரு குறி, கீழே எதிர்க்குறி என்று வந்தால் ஒரு கேமராவின் குவியத் தூரம் மாறியிருக்கிறது, பெரும்பாலும் ஆட்டோஃபோகஸ் செய்த வேலை. ஃபோகஸ் நகர்ந்தால் படத்தின் அளவும் கொஞ்சம் மாறும், ஆகவே அதை அணைத்துவிட்டுத்தான் கேலிபரேஷனே தொடங்க வேண்டும். மூலைகளில் மட்டும் கெட்டிருந்தால் லென்ஸ் வளைவு, அதாவது நேர்கோட்டை லென்ஸ் வளைத்துக் காட்டுவது, சரியாகக் கணக்கிடப்படவில்லை.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: ஒரு கேமரா இடவலமாக லேசாகத் திரும்பியிருந்தால் இந்தச் சோதனையில் அது தெரியவே தெரியாது. புள்ளி தன் வரிசையிலேயே நகர்வதால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தோன்றும்.

படம் அழகாக இருக்கிறது, தூரம் மட்டும் தப்பு

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம் இந்தச் சோதனைக்கு ஏற்ற இடம், தரை சமம், நிழல் உண்டு, நீளமும் போதும். அட்டைப்பெட்டி ஒன்றில் தமிழ் முரசுத் தாளை ஒட்டுங்கள். எழுத்தும் படமுமாக இருப்பதால் மேட்சருக்குப் பிடித்துக்கொள்ள நிறைய இருக்கும். அளவுநாடா வைத்து 1, 2, 4 மீட்டரில் பெட்டியை நிறுத்தி, ரோபோ என்ன சொல்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தூரத்தில் அளந்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

1.03, 2.07, 4.13 என்று வந்தால் எல்லாம் ஒரே விகிதத்தில், சுமார் 3.3 விழுக்காடு கூடியிருக்கிறது. இது அளவுப் பிழை. நண்பர் மகளுக்கு இதேதான் நடந்தது. சதுரங்கப் பலகையை ஒரு கடையில் அச்சடித்தாள், அங்கே தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கிவிட்டார்கள், 25 மி.மீ. சதுரம் 24.2 ஆகிவிட்டது, அவள் நிரலில் 25 என்றே கொடுத்திருந்தாள். கேலிபரேஷன் பேஸ்லைனை 62 மி.மீ. என்று சொன்னது, அளவுகோல் 60 என்றது. “மாமா, மென்பொருள் நம்மளவிடத் துல்லியமா அளந்திருக்கும்ல?” என்று கேட்டாள். அந்த இடத்தில் மென்பொருளால் அளக்கவே முடியாது, அதுதான் விஷயம். 1981இல் லாங்கெட்-ஹிக்கின்ஸ் என்ற அறிவியலாளர் இரண்டு படங்களில் உள்ள ஜோடிப் புள்ளிகளை மட்டும் வைத்துக் கேமராக்களின் நிலையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று காட்டினார். அந்தக் கணக்கில் ஒரு கேமரா இன்னொன்றிலிருந்து எந்தத் திசையில் இருக்கிறது என்பது வரும், எவ்வளவு தள்ளி என்பது வராது. பொம்மை வீட்டை 6 மி.மீ. இடைவெளியில் எடுத்தாலும், அதைப்போல் பத்து மடங்கு பெரிய வீட்டை 6 செ.மீ. இடைவெளியில் எடுத்தாலும் படங்கள் ஒன்றுதான். மீட்டர் என்கிற அளவு, நீங்கள் சதுரத்துக்குக் கொடுத்த அந்த ஒரு எண்ணின் வழியாக மட்டுமே உள்ளே வருகிறது. ஆகவே அச்சடித்த பலகையில் பத்துச் சதுரத்தைச் சேர்த்து அளந்து பத்தால் வகுத்து அந்த எண்ணைக் கொடுங்கள்.

சரி, 1.03, 2.12, 4.52 என்று வந்தால்? முதல் எண்ணைப் பாருங்கள், மேலே வந்த அதே 1.03. 1 மீட்டரில் மட்டும் சோதித்திருந்தால் இரண்டு நோயும் ஒன்றாகவே தெரிந்திருக்கும், பலகையைத் திரும்ப அச்சடித்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். இங்கே பிழை தூரத்தோடு வேகமாக வளர்கிறது: 3 விழுக்காடு, 6, 13. டிஸ்பேரிட்டியைப் பார்த்தால் 42க்குப் பதில் 40.8, 21க்குப் பதில் 19.8, 10.5க்குப் பதில் 9.3. எல்லா இடத்திலும் சரியாக 1.2 பிக்சல் குறைகிறது. வரிசைச் சோதனைக்குத் தப்பிய அந்த இடவலத் திருப்பம் இதோ இங்கே அகப்படுகிறது. 700 பிக்சல் குவியத் தூரத்தில் 0.1 டிகிரி திரும்பினாலே 1.2 பிக்சல். பத்தில் ஒரு டிகிரி! பையில் போட்டு எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோகும்போது தாங்கி எதிலாவது இடித்தாலே போதும்.

அதனால் நான் எப்போதும் ஒரு வரைபடம் போடுவேன். கிடையச்சில் உண்மைத் தூரத்தின் தலைகீழ், அதாவது 1, 0.5, 0.25, நெட்டச்சில் கிடைத்த டிஸ்பேரிட்டி. புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழும். கேலிபரேஷன் சரியாக இருந்தால் அது தந்த 42தான் அந்தக் கோட்டின் சாய்வு, கோடு சுழியின் வழியாகவும் போகும். சாய்வு மாறினால் பலகை அளவு, பேஸ்லைன், குவியத் தூரம் ஆகிய மூன்றில் ஒன்று. சாய்வு சரியாக இருந்து கோடு சுழியைத் தவறவிட்டால் கேமரா திரும்பியிருக்கிறது. தூரத்தை அப்படியே வரையாமல் தலைகீழாக்கி வரைவதில்தான் சூட்சுமம் இருக்கிறது, நேராக வரைந்தால் இரண்டு பிழையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வளைகோடாகத் தெரியும். அவசரத்துக்கு அந்த 1.2ஐ நிரலில் கூட்டிவிடலாம், செயல்விளக்க நாளில் நானே அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறேன். ஆனால் தாங்கி ஆடிக்கொண்டிருந்தால் நாளைக்கு வேறு எண் வரும்.

தாங்கியைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பரிமாண அச்சுப்பொறியில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் செய்த தாங்கி சுமார் 60 டிகிரியில் இளகத் தொடங்கும், வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை வைக்காதீர்கள். உலோகம் சூட்டில் நீளுமே என்று சிலர் பயப்படுகிறார்கள். 6 செ.மீ. அலுமினியம் 10 டிகிரிக்கு 0.014 மி.மீ.தான் நீளும், தூரத்தில் அது தெரியாது. கோணம் மாறுவதுதான் ஆபத்து. இரண்டு கேமராவையும் ஒரே தடித்த அலுமினியச் சட்டத்தில் நேரடியாகத் திருகுங்கள்.

1.02, 2.02, 4.02 என்று எப்போதும் 2 செ.மீ. கூடுதலாக வந்தால் கேமராவில் குறையில்லை, அளவுநாடாவைக் கேமராக் கூட்டின் முன்விளிம்பிலிருந்து பிடித்திருக்கிறீர்கள், லென்ஸ் அதற்கு 2 செ.மீ. உள்ளே இருக்கிறது. நடுவில் சரி, ஓரத்தில் இருக்கும் பொருளுக்கு மட்டும் குறைவாகக் காட்டுகிறது என்றால், நீங்கள் அளந்தது சாய்வுத் தூரம், கேமரா சொல்வது நேர் முன்னோக்கிய ஆழம். 30 டிகிரி ஓரத்தில் சாய்வுத் தூரம் 15 விழுக்காடு நீளமாகவே இருக்கும்.

நேரான சுவர் கிண்ணம்போல் வளைந்து வருகிறது

லென்ஸ் வளைவைக் கேலிபரேஷன் முழுதாகப் பிடிக்கவில்லை. படத்தின் நடுவிலேயே பலகையைக் காட்டிவிட்டு நிறுத்தியிருப்பீர்கள், மூலைகளில் என்ன நடக்கிறது என்று கணக்குக்கு எதுவுமே தெரியாது, ஊகித்துவிடுகிறது. கேலிபரேஷன் முடிவில் வரும் பிழை எண் 0.2 பிக்சல் என்று காட்டும், மகிழ்ச்சியாக இருக்கும், ஆனால் அந்த எண் பலகை போன இடங்களுக்கு மட்டுமே சாட்சி. 2000இல் செங்யூ ஜாங் வெளியிட்ட கேலிபரேஷன் முறையைத்தான் எல்லாரும் பயன்படுத்துகிறோம், தட்டையான பலகையைப் பல கோணத்தில் காட்டினால் போதும் என்பதுதான் அதன் அழகு. அதிலேயே இரண்டு நிபந்தனையும் அடங்கியிருக்கிறது: பல கோணம் வேண்டும், பலகை நிஜமாகவே தட்டையாக இருக்க வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் அட்டையில் ஒட்டிய தாள் நெளிந்துவிடுகிறது, கண்ணுக்குத் தெரியாது, கணக்குக்குத் தெரியும். கண்ணாடியிலோ தடித்த அக்ரிலிக்கிலோ ஒட்டுங்கள். நாலு மூலைக்கும் கொண்டுபோங்கள், சாய்த்துக் காட்டுங்கள், இருபது முப்பது ஜோடிப் படம் எடுங்கள்.

பிழை எண் திடீரென்று பத்து இருபது என்று எகிறினால் பலகையைப் பாருங்கள். உள்மூலைகள், அதாவது பலகைக்குள் சதுரங்கள் சந்திக்கும் புள்ளிகள், 8க்கு 6 என்று இரண்டும் இரட்டைப்படையாகவோ, 7க்கு 5 என்று இரண்டும் ஒற்றைப்படையாகவோ இருந்தால் தலைகீழாகத் திருப்பினாலும் பலகை அதே மாதிரி தெரியும், ஒரு கேமரா மூலைகளை ஒரு பக்கத்திலிருந்தும் மற்றது எதிர்ப்பக்கத்திலிருந்தும் எண்ணத் தொடங்கிவிடும். 9க்கு 6 என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

தூரே போகப் போகத் தூரம் துள்ளுகிறது

இது பழுதே இல்லை. கால் பிக்சல் தடுமாற்றம் 1 மீட்டரில் 6 மி.மீ., 5 மீட்டரில் 15 செ.மீ., 10 மீட்டரில் 60 செ.மீ. தூரம் இரட்டித்தால் தடுமாற்றம் நான்கு மடங்கு. எந்த வடிகட்டி போட்டாலும் இந்தக் கணக்கை மீற முடியாது. பேஸ்லைனை 12 செ.மீ. ஆக்கினால் தடுமாற்றம் பாதியாகும், ஆனால் அருகில் பார்க்கும் திறன் போகும்: மேட்சர் தேடும் வீச்சு, அதாவது அது பார்க்கும் உச்ச டிஸ்பேரிட்டி, 64 பிக்சல் என்றால் முன்பு 66 செ.மீ. வரை அருகில் பார்த்தது, இனி 1.3 மீட்டருக்கு உள்ளே உள்ள எதையும் பார்க்காது. காப்பிக்கடையில் மேசைகளுக்கு நடுவே போகும் ரோபோவுக்கு அகலமான பேஸ்லைன் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இடப்பக்கம் ஒரு கறுப்புப் பட்டை வருகிறதே என்று கேட்பவர்களுக்கு: அது தேடும் வீச்சின் அகலம், அந்தப் பகுதிக்கு வலப்படத்தில் ஜோடி தேட இடமில்லை. விட்டுவிடுங்கள்.

தாழ்வாரக் கம்பியைப் பார்த்ததும் ரோபோ நின்றுவிடுகிறது

நம் வீடுகளில் இது கட்டாயம் வரும். ஜன்னல் கம்பி, வாசல் கம்பிக்கதவு, தாழ்வாரத் தடுப்பு, எல்லாம் ஒரே மாதிரி செங்குத்துக் கம்பிகள். 10 செ.மீ. இடைவெளியில் கம்பிகள் 2 மீட்டர் தள்ளி இருக்கின்றன என்று வையுங்கள். படத்தில் ஒரு கம்பிக்கும் அடுத்ததற்கும் 35 பிக்சல். சரியான டிஸ்பேரிட்டி 21, ஆனால் பக்கத்துக் கம்பியோடு ஜோடி சேர்ந்தால் 56, அதுவும் 64க்குள்தான் இருக்கிறது, அச்சு அசலாகப் பொருந்தவும் செய்கிறது. விளைவு, 2 மீட்டரில் உள்ள கம்பி 75 செ.மீ.யில் இருப்பதாகத் தெரியும், ரோபோ பயந்து நிற்கும். கிடைக் கைப்பிடிக்கு வேறு சிக்கல்: அது பேஸ்லைனுக்கு இணையாக ஓடுவதால் அதில் எந்தப் புள்ளி எதனோடு சேர்ந்தாலும் பொருத்தமாகவே இருக்கும்.

கேமரா ஜோடியை 45 டிகிரி சாய்த்துப் பொருத்தினால் இரண்டு தொல்லையும் நிறையக் குறையும். இன்னும் நல்ல வழி, வேறு இடைவெளியில் மூன்றாவது கேமரா ஒன்று. 1993இல் ஒகுடோமியும் கனாடேயும் பல பேஸ்லைன்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும் முறையை எழுதினார்கள். அதிலும் தூரத்தின் தலைகீழ்தான் கைகொடுக்கிறது: ஒவ்வொரு ஜோடியின் பொருத்தத்தையும் தலைகீழ்த் தூரத்தின் மேல் வரைந்து கூட்டினால், உண்மையான தூரம் எல்லா ஜோடியிலும் ஒரே இடத்தில் விழும், பொய்யான கம்பிகள் ஜோடிக்கு ஜோடி வேறு வேறு இடத்தில் விழுந்து மங்கிப்போகும். வெள்ளைச் சுவருக்கு மட்டும் வடிவியலால் எதுவும் செய்ய முடியாது, அங்கே பார்க்கவே ஒன்றுமில்லை. வடிவம் வீசும் அகச்சிவப்பு விளக்கு வையுங்கள், இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். நிரப்பிப் பொய் சொல்லும் தூரப்படத்தைவிட ஓட்டை உள்ள தூரப்படம் மேல்.

நிற்கும் ஆளுக்குத் தூரம் சரி, நடந்தால் தப்பு

ஒருவரை 2 மீட்டரில் இடமிருந்து வலமாக நடக்கச் சொல்லுங்கள், அப்புறம் வலமிருந்து இடமாக. ஒரு திசையில் தள்ளியும் மறு திசையில் கிட்டேயும் காட்டினால் இரண்டு கேமராவும் ஒரே கணத்தில் படம் எடுக்கவில்லை. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நடப்பவர் படத்தில் நொடிக்கு 350 பிக்சல் நகர்கிறார், வலக் கேமரா 10 மில்லிநொடி பிந்தினால் 3.5 பிக்சல் போய்விடும், வலப்பக்கம் போகும்போது 2.4 மீட்டர், திரும்பி வரும்போது 1.7 மீட்டர் என்று காட்டும். நிரலில் இரண்டு கேமராவிலும் முதலில் படத்தைப் பிடித்துவிட்டு, பிறகு இரண்டையும் பிரித்தெடுங்கள். ஒன்றைப் பிடித்துப் பிரித்துவிட்டு மற்றதற்குப் போனால் இடைவெளி கூடும். அப்படியும் தானாக ஓடும் இரண்டு வெப்கேமரா ஒருபோதும் முழுதாக ஒத்துப்போகாது. ஒரே மின்துடிப்பில் இரண்டும் படமெடுக்கும் கேமரா வாங்குங்கள், இந்த ஒரு செலவில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பகலில் சரி, விளக்கு போட்டால் கெடுகிறது. வெளியே கொண்டுபோனால் கெடுகிறது

இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஒளிபடும் நேரம் 10 மில்லிநொடியின் மடங்காக இல்லாவிட்டால் படத்தில் பட்டைகள் ஓடும், இடப்படத்தில் ஓரிடத்தில், வலப்படத்தில் வேறிடத்தில். தானியங்கி ஒளியளவை அணைத்து, இரண்டு கேமராவுக்கும் ஒரே 10 அல்லது 20 மில்லிநொடி கொடுங்கள்.

வெளியே கொண்டுபோனதும் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பனிப்படலம். 31 டிகிரி, 75 விழுக்காடு ஈரப்பதம் என்றால் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும், ஏர்கான் அறையில் 23 டிகிரியில் இருந்த லென்ஸ் அதற்கு நன்றாகக் கீழே இருக்கிறது. சில நேரம் ஒரு லென்சில் மட்டும் படியும், மற்றது சூடான சர்க்கியூட் பக்கம் இருப்பதால் தப்பிவிடும், அப்போது ஒரு படம் மங்கல், ஒரு படம் தெளிவு, தூரப்படத்தில் பாதி காணாமல் போகும். துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள், ஃபோகஸ் வளையம் திரும்பிவிட்டால் கேலிபரேஷனை முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான். கேமராவைப் பைக்குள்ளேயே மூடி வைத்து, வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை கால்மணி நேரம் காத்திருந்து, பிறகு வெளியே எடுங்கள்.